பழகிய பயத்தை மீண்டும் எழுப்புவது எப்படி?

வெள்ளிக்கிழமை இரவு. நீங்களும் நண்பர்கள் மூவரும் அவரவர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். காதில் ஹெட்ஃபோன். திரையில் ஓர் இரும்புக் கதவு. உங்களில் ஒருவர் அதைத் திறக்கிறார். வெளியே ஆளரவம் இல்லாத தெரு. மழை தூறிக்கொண்டிருக்கிறது. அரை நிமிடம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை. ஆனால், உங்கள் உள்ளங்கை வியர்த்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்தத் தெரு உங்களுக்குப் புதிதல்ல. நேற்றும் இதே வழியாகத்தான் போனீர்கள். துரத்தி வருபவை வெறும் படங்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் இந்தப் படபடப்பு?

"லெஃப்ட் 4 டெட் 2" என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதை 2009 நவம்பரில் வெளியிட்டது. கொடிய தொற்றுநோயால் மக்கள் ஸோம்பிகளாக மாறிவிட்ட அமெரிக்கத் தென்மாநிலங்கள்தான் களம். ஜார்ஜியாவின் சவானா நகரில் தொடங்கி லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் வரை நான்கு பேர் உயிர்தப்பிச் செல்ல வேண்டும். நால்வரையும் நான்கு ஆட்டக்காரர்கள் இயக்கலாம். ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேருவதுதான் ஆட்டம். கதை அவ்வளவுதான்.

வெளியாகிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனத்தைக் கவனித்து உருவாக்கப்பட்ட விளையாட்டு இது என்பதே அதற்கு முக்கியக் காரணம். பயம் எப்படித் தோன்றுகிறது, எப்படித் தேய்கிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இரண்டாம் பாகத்தின் சிக்கல்

முதல் பாகம் வந்தது 2008 நவம்பரில். ஓராண்டுக்குள் இரண்டாம் பாகம் என்று அறிவிக்கப்பட்டபோது பல ரசிகர்கள் கோபப்பட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் இன்னொன்று எதற்கு என்று கேட்டார்கள். தயாரிப்பாளர்களுக்கோ வேறொரு கவலை இருந்தது. முதல் பாகத்தை நூறு முறை ஆடி முடித்தவரை எப்படி மறுபடியும் பயமுறுத்துவது?

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பயமும் அப்படித்தான். முதல் முறை இருட்டிலிருந்து ஓர் உருவம் பாய்ந்தால் நாற்காலியிலிருந்து துள்ளுகிறோம். ஐந்தாம் முறை இமைகூட அசைவதில்லை. இதை அறிவியலாளர்கள் 'பழக்கப்படுதல்' என்கிறார்கள். மனிதர்களிடம் மட்டுமல்ல, மிக எளிய உயிரினங்களிடமும் இது உண்டு.

கடல் நத்தை சொல்லும் பாடம்

ஏப்லிசியா என்ற கடல் நத்தையை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் எரிக் காண்டல். அந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை அவர் வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த நத்தையின் உடலில் நீரை வெளியேற்றும் சிறு குழாய் ஒன்று உண்டு. அதை மெல்லத் தொட்டால் நத்தை தன் செவுளைச் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும். அது ஒரு தற்காப்பு. மறுபடி மறுபடி அதே இடத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால், இழுப்பது குறைந்துகொண்டே வரும். தொடுகையை உணரும் நரம்பணு, தசையை இயக்கும் நரம்பணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு ஒவ்வொரு முறையும் குறைவதே காரணம். 'இதனால் ஆபத்தில்லை' என்று நத்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.

இப்போது அதன் வாலில் ஒரு சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால் எல்லாம் மாறிவிடும். முன்பு சட்டைசெய்யாத அதே மெல்லிய தொடுகைக்கு நத்தை பலமாகச் செவுளை இழுத்துக்கொள்ளும். அதிர்ச்சி பட்டது வாலில். விழிப்பு வந்ததோ உடல் முழுவதற்கும்.

மனிதப் பயம் நத்தையின் அனிச்சைச் செயலைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் பயம் மழுங்கும். எதிர்பாராத திசையிலிருந்து ஓர் அடி விழுந்தால், மழுங்கியது மறுபடி கூர்மையாகும். இரண்டாம் பாகத்தை உருவாக்கியவர்கள் அந்த எதிர்பாராத அடியை எங்கே வைத்தார்கள் என்று பார்ப்போம்.

மூலையில் ஒதுங்க இடமில்லை

முதல் பாகத்தை ஆடிப் பழகியவர்கள் ஒரு பாதுகாப்பான உத்தியைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஸோம்பிக் கூட்டம் வரும் சத்தம் கேட்டதும் நால்வரும் ஓர் அறையின் மூலையில் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுவிடுவார்கள். எல்லா எதிரிகளும் முன்பக்கமாகத்தான் வர முடியும். சுட்டுத் தள்ளினால் போதும். பயம் அங்கே வெறும் வேலையாக மாறிவிட்டது.

இரண்டாம் பாகத்தில் சேர்க்கப்பட்ட மூன்று புதிய எதிரிகளைப் பாருங்கள். ஸ்பிட்டர் என்பது அமிலத்தைத் துப்பும். அது தரையில் குளம்போலப் பரவி, நிற்கிற இடத்தை விட்டு உங்களை விரட்டும். சார்ஜர் என்பதற்கு ஒரு கை மட்டும் பூதாகரமாக இருக்கும். கூட்டமாக நிற்பவர்களுக்கு நடுவே காளைபோல நேராகப் பாய்ந்து, ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மற்றவர்கள் சிதறி விழுவார்கள். ஜாக்கி உங்கள் முதுகில் ஏறிக்கொண்டு, நண்பர்களிடமிருந்து உங்களை வேறு பக்கம் ஓட்டிச் செல்லும். மூன்றும் மூன்று விதம். ஆனால், மூன்றின் வேலையும் ஒன்றே: மூலையில் ஒதுங்கிய நால்வரைப் பிரிப்பது.

ஆட்டத்தின் கட்டங்களும் மாறின. முன்பு ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, கூட்டம் வந்து ஓயும்வரை ஓரிடத்தில் நின்று சமாளிக்கலாம். இரண்டாம் பாகத்தில் சில இடங்களில் அது பலிக்காது. கேளிக்கைப் பூங்காவில் உருளைவண்டித் தடத்தின் மீது ஓட வேண்டும். தடத்தின் மறுமுனைக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தும்வரை ஸோம்பிகள் வந்துகொண்டே இருக்கும். கடைத்தொகுதியில் 13 பெட்ரோல் கலன்களைத் தேடிப் பிடித்து ஒரு பந்தயக் காரில் ஊற்றினால்தான் தப்பிக்க முடியும். கலன்கள் வெவ்வேறு மாடிகளில் சிதறிக் கிடக்கின்றன. நால்வரும் ஒட்டிக்கொண்டே அலைந்தால் நேரம் போதாது, பிரிந்தால் ஆபத்து.

எல்லாவற்றிலும் நுட்பமானது 'ஹார்ட் ரெய்ன்' என்ற கட்டம். படகுக்கு டீசல் எடுத்துவர ஒரு சிற்றூரையும் சர்க்கரை ஆலையையும் கடந்து போகிறீர்கள். டீசல் கிடைத்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும். பழகிய பாதைதானே என்று நினைக்கும்போது புயல் வருகிறது. தரையெல்லாம் வெள்ளம். மழை இறைக்கும்போது சில அடி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. காற்றின் இரைச்சலில் எதிரியின் ஓசை அமுங்கிப் போகிறது. வீடும் தெருவும் அதேதான், உங்களுக்குத் தெரிந்தவைதான். தெரிந்த இடமே தெரியாததாகிவிடும்போது வரும் பயம் தனி ரகம்.

உங்களைக் கவனிக்கும் இயக்குநர்

புதிய எதிரிகளும் ஒருநாள் பழகிப்போவார்கள். அதற்கும் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டில் ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் திரையில் தெரியமாட்டார். 'இயக்குநர்' என்று அழைக்கப்படும் ஒரு மென்பொருள் அது.

பெரும்பாலான பழைய விளையாட்டுகளில் எதிரி எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பான் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை ஆடினால் மனப்பாடம் ஆகிவிடும். இங்கே அப்படியில்லை. எந்த எதிரி, எங்கே, எப்போது என்பதை இயக்குநர் ஆட்டம் நடக்கும்போதே முடிவுசெய்கிறது. மருந்தும் ஆயுதமும் எங்கே கிடைக்கும் என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இரண்டாம் பாகத்தில் வானிலையையும் சில இடங்களில் பாதையையும்கூட மாற்றும் ஆற்றல் அதற்குத் தரப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் நேற்றுத் திறந்திருந்த வழி இன்று அடைபட்டிருக்கலாம்.

இவை எல்லாம் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. இந்த மென்பொருளை வடிவமைத்த குழுவின் தலைவர் மைக் பூத், 2009இல் அதன் செயல்முறையை விளக்கினார். நான்கு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இயக்குநர் ஒரு 'பதற்ற அளவு' வைத்திருக்கிறது. நீங்கள் அடிபட்டால் அது உயரும். கீழே விழுந்து எழ முடியாமல் போனால் உயரும். எதிரியை மிக அருகில் வைத்துச் சுட்டால் அதிகமாகவும், தூரத்தில் வைத்துச் சுட்டால் குறைவாகவும் உயரும். சண்டை ஓய்ந்தபின் மெல்ல மெல்ல இறங்கும்.

இந்த அளவைப் பார்த்துப் பார்த்து இயக்குநர் ஆட்டத்தை நான்கு நிலைகளில் நடத்துகிறது. முதலில் எதிரிகளை அனுப்பிப் பதற்றத்தை ஏற்றும். உச்சத்தைத் தொட்டதும் இன்னும் 3 முதல் 5 வினாடிகள் அதே வேகத்தில் தாக்கும். பிறகு எதிரிகளைக் குறைத்துப் பதற்றம் தணியக் காத்திருக்கும். கடைசியாக 30 முதல் 45 வினாடிகள் ஏறக்குறைய அமைதி. நீங்கள் வேகமாக முன்னேறிச் சென்றால் அந்த அமைதி சீக்கிரமே முடியும். அதன்பின் மீண்டும் முதலிலிருந்து.

இப்போது முதல் பத்தியில் வந்த வெற்றுத் தெரு நினைவுக்கு வருகிறதா? எதுவும் நடக்காத அந்த அரை நிமிடம் கணக்குப் போட்டுத் தரப்பட்டது. தொடர்ந்து அடி விழுந்தால் அடியும் பழகிவிடும். நடுவே மூச்சுவிட இடம் கொடுத்தால்தான் அடுத்த அடி உறைக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? அமைதியான நேரத்தில் குப்பைத்தொட்டி நிழலைப் பார்த்துக்கூட நீங்கள் சுடுவீர்கள். அப்போது பயமுறுத்தும் வேலையை இயக்குநர் செய்யவில்லை. உங்கள் மூளையே செய்துகொள்கிறது.

எவ்வளவு பயம் போதும்?

பயம் என்பது விலகி ஓட வேண்டிய உணர்ச்சி. அதைக் காசு கொடுத்து வாங்குகிறோமே, ஏன்?

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக் கேளிக்கைக் கூடத்துக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பு அளவியைப் பொருத்தி உள்ளே அனுப்பினார்கள். எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு ரசித்தீர்கள் என்றும் கேட்டார்கள். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. மிகக் குறைவாகப் பயந்தவர்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை. மிக அதிகமாகப் பயந்தவர்களும் ரசிக்கவில்லை. இடைப்பட்ட அளவில் பயந்தவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். வரைபடமாக வரைந்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல இருக்கும். உப்புப் போடுவது மாதிரிதான்: குறைந்தாலும் ருசியில்லை, கூடினாலும் வாயில் வைக்க முடியாது.

அந்த நடு அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதுதான் சிரமம். பேய்வீட்டில் எல்லோருக்கும் ஒரே பொம்மைதான் பாயும். கணினி விளையாட்டில் ஆளைப் பார்த்து அளவை மாற்ற முடியும். இயக்குநர் செய்வது அந்த வேலையைத்தான்.

ஆனால், அது உங்கள் இதயத்தைப் பார்க்கவில்லை. ஆட்டத்தில் நீங்கள் பட்ட அடிகளை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவே. உண்மையான பதற்றத்தையே அளந்தால் என்ன? வால்வ் நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர் மைக் அம்பிண்டர் அதையும் முயன்று பார்த்தார். பயந்தால் நம் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை சுரக்கும். தோல் மின்சாரத்தைச் சற்றுக் கூடுதலாகக் கடத்தும். அந்த மாற்றத்தை அளக்கும் உணர்கருவியை ஆட்டக்காரர்களின் விரல்களில் மாட்டி, கிடைத்த அளவை இயக்குநருக்கு ஊட்டினார். அந்தச் சோதனை பற்றி 2011இல் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பேசினார். வீட்டில் ஆடும் நம்மிடம் அந்தக் கருவி இல்லாததால், ஊகம்தான் இன்றும் தொடர்கிறது.

நண்பர் பயத்தைக் கூட்டுவாரா, குறைப்பாரா?

இந்த விளையாட்டைத் தனியாகவும் ஆடலாம். மற்ற மூவரையும் கணினியே இயக்கும். ஆனால், ஆடியவர்களைக் கேட்டால் நண்பர்களோடு ஆடுவதே வேறு என்பார்கள். கூட ஆள் இருந்தால் பயம் குறையத்தானே வேண்டும்?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது ஆபத்தை உணரும் மூளைப் பகுதிகள் மிகுந்த பரபரப்பைக் காட்டின. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபோது ஓரளவு குறைந்தது. கணவரின் கையைப் பிடித்தபோது நன்றாகக் குறைந்தது. இல்லறம் இனிமையாக இருப்பதாகச் சொன்னவர்களிடம் பலன் இன்னும் அதிகம்.

ஆனால், 2022இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. 17 அறைகள் கொண்ட ஒரு பேய்வீட்டுக்குள் 156 பேரை மணிக்கட்டில் உணர்கருவியுடன் அனுப்பினார்கள். குழுவில் நண்பர்கள் அதிகமாக இருந்தவர்களின் உடலில் கிளர்ச்சியும் அதிகமாக இருந்தது. ஒருவர் அலறினால் மற்றவரையும் அது தொற்றிக்கொள்வதைத் திரையரங்கில் நாமே பார்த்திருக்கிறோம்.

இரண்டும் முரண்போலத் தோன்றலாம். இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தால் இரண்டுமே உண்மை என்று புரியும். ஹெட்ஃபோனில் நண்பரின் அலறல் கேட்டதும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஜாக்கியோ சார்ஜரோ உங்களைப் பிடித்துவிட்டால் உங்களால் தனியாகத் தப்பிக்க முடியாது. நண்பர் ஒருவர் வந்துதான் விடுவிக்க வேண்டும். அடிபட்டு விழுந்தால் கீழே கிடந்தபடி சுடலாம். ஆனால் எழுந்து நிற்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். அவர் கைகொடுக்கும் அந்தச் சில வினாடிகளில் அவரும் ஆபத்தில் இருக்கிறார். சுவருக்கு அப்பால் இருக்கும் நண்பரின் உருவம்கூட ஒளிரும் கோடாகத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். யார் எங்கே தவிக்கிறார் என்று எப்போதும் தெரிய வேண்டும் என்பதற்காக.

துப்பாக்கி சுடுவதில் சூரரான ஒருவர் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னே ஓடினால் என்ன ஆகும் என்பது இந்த விளையாட்டை ஆடிய எல்லோருக்கும் தெரியும். முதலில் பிடிபடுபவர் பெரும்பாலும் அவர்தான். காப்பாற்றும் தூரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

விளையாடும் முன்

இது சிறுவர்களுக்கு உரியதல்ல. இரத்தமும் சிதைவும் மிகுந்த காட்சிகள் உண்டு. அமெரிக்காவில் 17 வயது நிரம்பியோருக்கு உரியது என்று தரப்படுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டு, காட்சிகள் குறைக்கப்பட்ட வடிவமே விற்பனைக்கு வந்தது. முழு வடிவத்துக்கு 2014இல்தான் அனுமதி கிடைத்தது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் தரச்சான்றைப் பாருங்கள். முடிந்தால் நீங்களே ஒரு கட்டத்தை ஆடிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பெரியவர்களுக்கும் இரண்டு யோசனைகள். ஆட்டம் முடிந்தவுடன் படுக்கைக்குப் போகாதீர்கள். ஏறிய துடிப்பும் விழிப்பும் அடங்க நேரம் பிடிக்கும். அதுவரை தூக்கம் வராது. பயம் ரசனையைத் தாண்டிவிட்டதாகத் தோன்றினால் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள், அறை விளக்கைப் போடுங்கள். கிண்ணத்தின் மறுபக்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. இயக்குநர் நால்வரின் பதற்றத்தையும் அளக்கிறது என்று பார்த்தோம். எதிரிகளைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அது நால்வரின் சராசரியைப் பார்ப்பதில்லை. யாருடைய பதற்றம் மிக அதிகமோ அவருடைய அளவைத்தான் பார்க்கிறது. மூவர் தெம்பாக இருந்தாலும், ஒருவர் மிகவும் நொந்துபோயிருந்தால் ஆட்டம் முழுவதும் அவருக்காக வேகத்தைக் குறைக்கும்.

அடுத்த முறை அந்த இரும்புக் கதவைத் திறந்து, வெற்றுத் தெருவில் அமைதி நீடித்தால், அது உங்களுக்காகத் தரப்பட்ட அமைதியாக இல்லாமல் போகலாம். பக்கத்தில் யார் நொண்டிக்கொண்டு வருகிறார் என்று திரும்பிப் பாருங்கள். உங்களிடம் மருந்துப்பெட்டி ஒன்று மிச்சமிருந்தால், அதைக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.